பதினேழு முறை புகார் கொடுத்தவர்

நிக்கோபார் தீவில் இருக்கிற எங்கள் ஊர் கேம்பல் பே. இங்கே நெட் போனால் யாரும் வாய் திறப்பதில்லை. வந்தால்தான் பரபரப்பு. "ஆ கயா, ஆ கயா", வந்துவிட்டது என்று தெருவில் ஒருவருக்கொருவர் கூவிச் சொல்லிக்கொள்வோம். கூவி முடிப்பதற்குள் அது மறுபடி போயிருக்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஊரே பழகிவிட்டது. பழக மறுத்தவர் சிவஞானம் ஒருவர்தான். கப்பல் வந்து நிற்கிற ஜெட்டிக்குப் போகிற சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஆன்லைன் விண்ணப்பம், கப்பல் டிக்கெட், பான் கார்டு எல்லாவற்றுக்கும் ஊருக்கு அவர் கடைதான்.

நெட் நாள்கணக்கில் போகும்போதெல்லாம் அவர் தொலைபேசி அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதுவார். இரண்டு படி. ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் முத்திரை வாங்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைப்பார். எழுதிக் கொடுக்கிற காகிதத்தில் பொய் இருக்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். "மூன்று நாளாக நெட் இல்லை" என்று எழுதப் போனவர், கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "இரண்டு நாள் இருபத்தொரு மணி நேரமாக" என்று திருத்தியதை நானே பார்த்திருக்கிறேன். ஐந்து வருடத்தில் பதினேழு புகார். பதினேழுக்கும் ஒரே பதில்தான் வந்தது: "தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. தங்களைத் தவிர வேறு எவரும் புகார் அளிக்கவில்லை என்பது இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது."

"ஊருல ஒருத்தருக்கும் இல்லாத அக்கற உங்களுக்கு என்னத்துக்கு?" என்று அவர் மனைவி மரகதம் ஒவ்வொரு முறையும் கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுவார்.

மரகதத்துக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை. கடையிலிருந்து வீட்டுக்கு ஏறுகிற முப்பத்திரண்டு படியில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு இருபத்து நான்காம் தேதி கொடுத்திருந்தார்கள். தவறவிட்டால் அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து. அத்தனை நாள் தாங்காது என்று இங்குள்ள டாக்டர் சிவஞானத்தைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். போர்ட் பிளேர் போகிற ஹெலிகாப்டரில் இரண்டு இருக்கை கேட்டு மனுப் போட்டார்கள். அதிசயமாகக் கிடைத்தும் விட்டது. செவ்வாய்க்கிழமை அந்த ஹெலிகாப்டர் வந்தது. அதில்தான் பிரிவும் வந்து இறங்கியது.

பிரிவின் முழுப் பெயர், மின்காசுத் தோற்றுநர் கண்டறி சிறப்புப் பிரிவு. கையால் தொட முடியாத, கம்ப்யூட்டருக்குள் மட்டுமே புழங்குகிற ஒரு காசு இருக்கிறது. கவ்ரி காயின் என்று பெயர். அதை உண்டாக்கியவர் யாரென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நாட்டிலஸ் என்ற புனைபெயரில் இணையத்தில் ஐந்து வருடம் எழுதினார், போன மாதம் நிறுத்திக்கொண்டார். பெரிய பெரிய நாடுகளே கைவிட்ட இந்தத் தேடலை, போர்ட் பிளேரில் டெலானிபூர் மேட்டில் ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடி ஏற்று நடத்திவந்தது. கவ்ரி என்றால் சோழி, சோழி கிடைப்பது நிக்கோபார் கரையில், ஆக ஆள் நம்ம ஆள். இது முதல் வருட ஆய்வின் முடிவு. அடுத்த நான்கு வருடமும் இதே முடிவைப் புதிதாகத் தட்டச்சு செய்து மேலிடத்துக்கு அனுப்பினார்கள்.

இந்த வருடம் ஒரு தடயம் அகப்பட்டது. எழுதிவந்த காலத்தில் நாட்டிலஸ் பதினேழு முறை நாள்கணக்கில் பேச்சுமூச்சில்லாமல் இருந்திருக்கிறார். அந்தப் பதினேழு மௌனமும், தொலைபேசி அலுவலகத்தின் புகார்ப் பதிவேட்டில் இருந்த பதினேழு தேதியும் கச்சிதமாகப் பொருந்தின.

சிறப்பு அதிகாரி கோதண்டபாணியும், அவருடைய உதவியாளர் சுதாகரும், ஒன்பது கோப்புப் பெட்டிகளும் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார்கள். மரகதம் போகவேண்டிய திரும்பும் பயணம் பிரிவின் அவசரத் தேவைக்காக நிறுத்தி வைக்கப்பட்டது. என்ன அவசரம் என்று கேட்டதற்கு, ரகசியம் என்றார்கள். ஹெலிகாப்டர் மைதானத்தில் நின்றது. அதன் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன.

மிச்சம் இருந்தது கப்பல். ஜெட்டியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புறப்படும். அடுத்தது பன்னிரண்டு நாள் கழித்து, அது எதற்கும் உதவாது. சிவஞானம் இரண்டு டிக்கெட் எடுத்துக்கொண்டு கடைக்குத் திரும்பினார். ஷட்டரில் சம்மன் ஒட்டியிருந்தது. ஜெட்டி வாசலில் இருக்கிற போலீஸ்காரரிடம் அவருடைய பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தார்கள். அவரும் குடும்பமும் தீவை விட்டு வெளியேறத் தடை.

அன்று மாலையே கெஸ்ட் ஹவுஸில் விசாரணை. கோதண்டபாணி மெயின்லேண்டிலிருந்து வந்தவர். கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற குரலில் பேசுவார்.

"உட்காருங்கள். நீங்கள் நாட்டிலஸா?"

"இல்ல சார். நான் சிவஞானம். ஜெராக்ஸ் கடை."

"எழுதிக்கொள்ளுங்கள் சுதாகர். மறுக்கிறார்." பிறகு சிவஞானத்தைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: "உண்மையான தோற்றுநர் மறுப்பார் என்பது எங்கள் முதல் அளவுகோல். அதில் நீங்கள் தேறிவிட்டீர்கள்."

"சார், நெட் போனது எனக்கு மட்டுமில்ல. பூரா கேம்பல் பேக்கும்தான் போச்சு. யார வேணும்னாலும் கேளுங்க."

"கேட்பதெல்லாம் வாய்வார்த்தை. ஆவணம் உண்டா?"

"என் புகாரே இருக்குதே சார்!"

"உங்கள் புகார் இருக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் புகார்? எதிர்க்கடைக்காரர் புகார்? ஒன்றுகூட இல்லை. அவர்களுக்கு நெட் இருந்திருக்கிறது, அதனால் கொடுக்கவில்லை. இந்தத் தீவில் பதினேழு முறையும் நெட் இல்லாமல் இருந்தவர், பதிவேட்டின்படி, நீங்கள் ஒருவர்தான். அதையும் மணிக்கணக்கோடு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். இவ்வளவு ஒத்துழைப்பு எங்களுக்கு இதுவரை கிடைத்ததில்லை."

சுதாகர் ஒரு கணக்கை எடுத்து நீட்டினார். தாள் முழுக்க எண்ணும் எழுத்தும் கலந்து கிடந்தன. சிவஞானம் அரைமணி நேரம் அதைப் பார்த்துவிட்டு, வேர்த்து வடிந்து, விடை எழுதக் கொடுத்த தாளை வெள்ளையாகவே திருப்பிக் கொடுத்தார்.

"ஒரு வரிகூட எழுதவில்லை சார்" என்றார் சுதாகர்.

"பார்த்தீர்களா? அறிவை இவ்வளவு முழுசாக மறைக்கச் சாதாரண மூளையால் ஆகாது" என்றார் கோதண்டபாணி.

சிவஞானம் ஆஸ்பத்திரிக் கடிதத்தை மேசையில் வைத்தார். "சார், வியாழக்கிழமை கப்பல். எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன். என்னய இங்கயே வச்சுக்குங்க, அவள மட்டுமாவது விடுங்க."

அதிகாரி கடிதத்தை இரண்டு பக்கமும் படித்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை; அதையும் படித்தார். "எனக்கும் மனைவி இருக்கிறாள். ஆனால் இந்தக் காசுக்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. வீட்டுச் சாவி யாரிடம் இருக்கும், சொல்லுங்கள்? உங்கள் மனைவியை எப்படி அனுப்புவது?"

"அப்ப நான் என்னதான் சார் செய்யணும்?"

"வழி இல்லாமலா? தோற்றுநர் அல்லாதார் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. உடனே தருவோம். 'இவர் நானல்ல' என்று தோற்றுநர் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும்."

"யாருகிட்ட சார் வாங்குறது?"

"தோற்றுநரிடம்தான். அவர் யாரென்று தெரிந்தால் எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

மறுநாள் புதன்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் பொதுக்கூட்டம். மரகதமும் வந்திருந்தாள். வீட்டில் தனியாக இருந்தால் கப்பல் சத்தம் கேட்கிறது என்றாள். கோதண்டபாணி மைக்கை இரண்டு முறை தட்டினார்.

"பெருமக்களே, எங்கள் பிரிவைச் சிலர் கேலி செய்கிறார்கள். ஐந்து ஆண்டில் ஒருவரைக்கூடக் கண்டுபிடிக்கவில்லையே என்கிறார்கள். கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பிரிவை மூடியிருப்பார்கள். பதினோரு ஊழியர் குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும். அந்தப் பாவத்தை நாங்கள் செய்யவில்லை." இங்கே கைதட்டல். "தோற்றுநர் எங்களுக்கு எதிரி அல்ல. அவர் வெளிப்படும் நாளில் ஜெட்டி அருகே அவர் பெயரில் பூங்கா. அடிக்கல்லைக் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். பெயருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறது. அத்துடன், அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஹெலிகாப்டரில் வாழ்நாள் முழுவதும் முதல் ஒதுக்கீடு."

கூடம் அமைதியாகிவிட்டது. மெயின்லேண்டில் இருப்பவர்களுக்கு இந்த அமைதி புரியாது. அப்பா சாவுக்குப் போய்ச் சேராதவன், தங்கை கல்யாணத்தை போனில் கேட்டவன், பரீட்சை ஹாலுக்கு நான்கு நாள் தாமதமாகப் போனவன் எல்லாம் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அந்த ஹெலிகாப்டருக்கு மனுப் போட்டவர்கள்.

சிவஞானம் கடையைத் திறப்பதற்குள் வாசலில் வரிசை நின்றது. முதல் ஆள் பக்கத்து மளிகைக்கடை நூர்முகம்மது.

"ஞானம் பாய், ஒரு அர்ஜி அடிச்சுக் குடுங்க. நாந்தான் நாட்டிலஸ்."

"பாய், உங்களுக்குக் கம்ப்யூட்டர ஆன் பண்ணவே தெரியாதே!"

"அதத்தானே இத்தன வருஷமா மறைச்சு வச்சிருந்தேன்! ஜல்தி அடிங்க."

அடுத்தது மீன் விற்கிற தங்கம்மா. "அந்தக் காச நாந்தான் செஞ்சேன்னு போடு தம்பி. எப்பன்னு கேட்டா ஞாபகம் இல்லன்னு போடு. வயசாயிருச்சுல்ல."

பொய்யைக் கண்டால் முகம் சுளிக்கிற மனிதர், வியாழக்கிழமை மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பொய்களைத் தப்பில்லாமல் தட்டச்சு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார். இருபத்தேழாம் எண் யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் மெயின்லேண்டில் ஆட்கள் இருக்கிறார்கள்.

மரகதம் கடை முக்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரை மணிக்கு நூர்முகம்மது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜெட்டிப் பக்கம் போனார்.

"எங்க பாய் போறீங்க?"

"போர்ட் பிளேர் போறேன் பாபி" என்றார் அவர். அண்ணி என்பதற்கு அவர் பாஷையில் பாபி. " சரக்கு எடுக்கணும்."

"ஒங்கள விடுறாங்களா? நீங்கதான் நாட்டிலஸ்னு எழுதிக் குடுத்துட்டீங்களே?"

"அதனாலதான் விடுறாங்க. என் டோக்கன் நம்பர் ஒண்ணு. மொறப்படி விசாரிக்கிறப்ப கூப்புடுவாங்க, அதுவர ஃப்ரீ. தானா வந்து ஒத்துக்கிட்டவன் எங்க ஓடப்போறான்னு சுதாகர் சாப் சொல்லிட்டாரு. பக்கா ரூல்."

அவர் போனதும் மரகதம் திரும்பினாள். "நீங்களும் எழுதுங்க."

"என்னத்த?"

"நாந்தான்னு எழுதுங்க."

"மரகதம், எங்கைப்பட ஒரு பொய்யி இதுவர ஒரு ஆபீசுக்குப் போனதில்ல."

"பதினேழு தடவ நெசத்த எழுதுனீங்க. அதுல ஒண்ணாச்சும் நெட்டக் கொண்டு வந்துச்சா? அதானே இப்ப என்னயக் கப்பல் ஏறவிடாம நிக்குது." அவளுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, மறுபடி பேசினாள். "எனக்குப் பயமா இருக்குங்க. சாகப் பயமா இருக்கு. நீங்க ஒடஞ்சு போவீங்கன்னு இத்தன நாளு சொல்லல. ஒரே ஒரு தடவ எனக்காகப் பொய் எழுதுங்க."

சிவஞானம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நாற்பத்து மூன்று பேருக்கு மளமளவென்று அடித்த விரல், இப்போது எழுத்து எழுத்தாகத் தேடியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது; துடைக்காமலே அடித்தார். "நான்தான் நாட்டிலஸ்." அதற்குமேல் ஒரு சொல்லும் அவருக்கு வரவில்லை.

கெஸ்ட் ஹவுஸில் அந்தக் காகிதத்தைப் படித்ததும் கோதண்டபாணியின் முகம் வெளுத்துவிட்டது.

"நீங்களா இப்படிச் செய்வது? நேற்றுவரை நீங்கள்தான் என்று எவ்வளவு நம்பிக்கொண்டிருந்தேன்!"

"நாந்தான் சார்."

"இல்லை. உண்மையான தோற்றுநர் ஒப்புக்கொள்ளவே மாட்டார்."

"அப்ப நான் இல்லேன்னே வச்சுக்குங்க. கப்பல் ஏற விடுங்க சார்."

"இல்லையென்றால், இல்லாததை இருப்பதாக எழுதிக் கொடுத்த குற்றம் வருகிறது. அதற்கும் உங்களை இங்கேதான் வைத்திருக்கவேண்டும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால். சிவஞானம் சுதாகரைப் பார்த்தார். சுதாகர் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இவருடைய டோக்கன் நாற்பத்து நாலு. முன்னால் இருக்கிற நாற்பத்து மூன்று பேரையும் விசாரித்து முடித்த பிறகுதான், இவர் சொல்வது உண்மையா பொய்யா என்று நாம் சொல்லமுடியும். அதுவரைக்கும் இவர் விண்ணப்பதாரர்."

"ஆளுக்கு எத்தனை நாள்?"

"விதிப்படி ஆறு மாதம் சார்."

கோதண்டபாணி மனத்துக்குள் பெருக்கினார். அவர் கண்கள் மெல்ல விரிந்தன. "இருபத்திரண்டு வருடம். சுதாகர், அதுவரை நம் பிரிவு?"

"இருந்தே ஆகவேண்டும் சார்."

"எனக்கு ஓய்வுக்கு இன்னும் ஒன்பது வருடம்தான்" என்று சொல்லி, கோதண்டபாணி சிவஞானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "போய்விட்டு வாருங்கள். நல்லபடியாக முடியட்டும். ரசீதுக்கு ஒன்பது படி மட்டும் வேண்டும்."

சிவஞானம் கடைக்கு ஓடினார். கரண்ட் இல்லை. பத்து நிமிடம் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டே நின்றார். வந்தது. மெஷின் சூடாக ஐந்து நிமிடம். ஏழாவது படி உள்ளே சிக்கிக்கொண்டது. மூடியைத் திறந்து விரலால் இழுத்ததில் நகக்கண் கிழிந்தது. கப்பலின் முதல் சங்கு ஊதியது. ஒன்பதையும் மார்போடு அணைத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸுக்கு ஓடினார். சுதாகர் முத்திரை குத்திக் குத்தி, மை காய்ந்து, ஒவ்வொன்றையும் ஊதி ஊதி அடுக்கினார். மணி மூன்று நாற்பத்தெட்டு.

மரகதம் அதற்குள் தானே ஜெட்டிக்கு நடந்திருந்தாள். நின்று நின்று, பையைத் தரையில் வைத்து, எடுத்து நடந்திருக்கிறாள். வாசலில் போலீஸ்காரர் ரசீதை வாங்கித் தலைகீழாகப் பார்த்து, திருப்பிப் பார்த்து, "ஆப் பீ?" என்று சிரித்தார். நீங்களுமா என்று கேட்கிறார். "நானும்தான்" என்றார் சிவஞானம். அன்று மட்டும் அந்த வாசலைக் கடந்த பதினொன்றாவது நாட்டிலஸ் அவர்.

ஏணிப்படியை இழுப்பதற்கு நான்கு நிமிடம் இருக்கும்போது ஏறினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது மரகதம் முப்பத்திரண்டு படியையும் ஒரே மூச்சில் ஏறினாள். மேலே நின்று கீழே பார்த்துச் சிரித்தாள். சிவஞானம்தான் நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் கடை வாசலில் பிரிவின் கடிதம் கிடந்தது. நூர்முகம்மதும் நானும் கடையில்தான் இருந்தோம். மரகதமே உரக்கப் படித்தாள்.

"தாங்கள் தீவை விட்டு நீங்கிய நாள் முதல் இன்றுவரை, கேம்பல் பேயில் நெட் துண்டிப்பு குறித்து ஒரு புகார்கூடப் பதிவாகவில்லை. தாங்கள் இல்லாதபோது துண்டிப்பும் இல்லை என்பதால், துண்டிப்புக்கும் தங்களுக்கும் உள்ள தொடர்பு ஐயமற நிரூபணமாகிறது. எனவே தங்கள் டோக்கன் எண் நாற்பத்து நான்கிலிருந்து ஒன்றாக உயர்த்தப்படுகிறது. மூன்று நாளுக்குள் மின்னஞ்சலில் விளக்கம் அளிக்காவிடில் கைது நடவடிக்கை மேற்கொள்ளப்படும்."

மின்னஞ்சலில் அனுப்ப நெட் இல்லை. அந்த வாரம் முழுக்கவே இல்லை. எத்தனை மணிக்குப் போனது என்று, ஊர் வந்து சேர்ந்ததுமே சிவஞானம் எங்களைக் கேட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

சிவஞானத்தின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போயிற்று. பாதியில் நின்றுவிட்டது. அந்த மனிதர் எழுதப் பயந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

மரகதம் அவர் பையிலிருந்து பேனாவை உருவினாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மேலே தன் பெயரையும் முகவரியையும் எழுதினாள். "நீங்க மட்டும் எழுதுனதாலதான் நீங்க மட்டும் மாட்டுனீங்க" என்றாள். எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவை நூர்முகம்மது பக்கம் நீட்டினாள். "ஒரு தாளு எடுத்துக்குங்க பாய். எல்லாரும் தனித்தனியா எழுதணும். டோக்கனுக்கு நின்னீங்கல்ல, இதுக்கும் நில்லுங்க."

நூர்முகம்மது பேனாவைத் தொடவில்லை. "பாபி, ஏற்கனவே ஒண்ணாம் நம்பர் போயி ரெண்டாயிட்டேன். இதுல கையெழுத்துப் போட்டா லிஸ்டுலயிருந்தே தூக்கிருவாங்களோ? ஹெலிகாப்டர் சீட்டு பாபி..."

"அந்தச் சீட்டு ஒங்களுக்குக் கெடச்சிருச்சுன்னு எதுல சொல்லுவாங்க?"

"மெயில்லதான்."

நூர்முகம்மது தன் போனை எடுத்துப் பார்த்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, போனைப் பைக்குள் போட்டு, பேனாவை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நான் நின்றேன்.

"எத்தன நாளா நெட் இல்லன்னு போடட்டும்? ஒரு வாரம்னு போட்டுரவா?"

சிவஞானம் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நாள் நாலு மணி நேரம்னு போடுங்க பாய்."